தாசில்தாருக்குக் கடைசி உருண்டை

இந்த பெஞ்சில் இடம் இருக்கிறது, உட்காருங்கள் அக்கா. ஆட்டை அந்தத் தூணில் கட்டிக்கொள்ளுங்கள், இவன் ஒன்றும் செய்யமாட்டான். முன்பென்றால் ஆட்டைக் கண்டதும் இந்த ஆஸ்பத்திரியை இரண்டாக்கியிருப்பான். இப்போது பாருங்கள், ஒரு கண்ணைத் திறந்தான், மூடிக்கொண்டான், அவ்வளவுதான். ஆட்டுக்கு என்ன, வயிறு உப்புசமா? கல்யாண வீட்டு இலைச் சோற்றைத் தின்றுவிட்டதா? அப்படியென்றால் சரியாகிவிடும். காரணம் தெரிகிறது, மருந்தும் தெரிகிறது. கொடுத்துவைத்த ஆடு.

இவன் பெயரா? தாசில்தார். சிரியுங்கள், பரவாயில்லை, சீட்டு எழுதுகிற இடத்திலும் சிரித்தார்கள். என் அப்பா தாலுகா ஆபீஸில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாசில்தார் மேசையில் மணி அடித்தால் ஓடிப்போய் நிற்பதுதான் வேலை. சோற்றில் கை வைத்திருந்தாலும் ஓடுவார், காய்ச்சலில் படுத்திருந்தாலும் ஆள் வந்து "ஐயா கூப்பிடுதாரு" என்றால் எழுந்து சட்டையை மாட்டுவார். அப்படிப்பட்டவர் ஒரு மழைநாளில் ஆபீஸ் ஜீப்புக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டியை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, "இவன் பேரு தாசில்தார். இனிமே நான் கூப்பிட்டா தாசில்தார் ஓடி வரணும்" என்றார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குச் சினிமாவே தேவைப்படவில்லை. "யோவ் தாசில்தார், அது பக்கத்து வீட்டுச் செருப்புய்யா, கீழ போடுய்யா" என்று காலையில் அப்பா வாசலில் நின்று சத்தம் போடுவார். வாழ்க்கையில் அவர் யாரையாவது "யோவ்" என்று கூப்பிட்டார் என்றால் இவன் ஒருவனைத்தான்.

நான் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு. பட்டிமன்றம் பேசுவேன். எங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள், என்னை எந்த அணியில் போட்டாலும் அந்த அணி ஜெயிக்கும். வாங்கிய கேடயங்களை வைக்க இடமில்லாமல் அம்மா அரிசி டிரம்மின் மேல் அடுக்கி வைத்திருக்கிறாள்; அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டு முணுமுணுப்பாள். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் காரணம் இல்லாமல் பேசுகிறவள் இல்லை. அதை முதலில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. இரண்டுமே. முதல் தடவை வந்தபோது, உள்ளே இருக்கிறாரே அந்த டாக்டர் அம்மா, நல்லவர்தான், அவர் சொன்னார்: "வயசாச்சும்மா. யார் தப்பும் இல்ல." யார் தப்பும் இல்லையாம். நான் வரலாறு படிக்கிறவள். ஒரு ராஜ்யம் விழுந்தால் அதற்கு உட்காரணம், புறக்காரணம், உடனடிக் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஒரு சிறுநீரகம் மட்டும் சும்மா விழுந்துவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கடைசி உருண்டை.

எங்கள் வீட்டுப் பழக்கம் அக்கா அது. நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். இவன் சுவரோரம் உட்கார்ந்திருப்பான். கேட்க மாட்டான், குரைக்க மாட்டான், அந்த மரியாதை எல்லாம் உண்டு. தட்டில் கடைசிச் சோற்றைக் கூட்டி வழித்து உருட்டுகிற சத்தம் வருமில்லையா, அந்தச் சத்தத்துக்கு எழுந்து வருவான். அந்த உருண்டை அவனுக்கு. அப்பாவிடம் வாங்கிக்கொண்டு அம்மாவிடம், அம்மாவிடம் வாங்கிக்கொண்டு என்னிடம். விருந்தாளி வந்தாலும் அப்படித்தான். என் சித்தப்பா ஒரு தடவை தெரியாமல் மொத்தத்தையும் தின்றுவிட்டார், இவன் அவர் முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்க, மனுஷன் வெட்கப்பட்டு மறுபடி சோறு வாங்கி ஒரு வாய் தின்றுவிட்டு உருட்டிக் கொடுத்தார். தனிக் கிண்ணத்தில் வைத்தால் தொடமாட்டான். மீன் வைத்தாலும் தொடமாட்டான். ஒருத்தர் தின்ற தட்டு, அதில் கடைசி உருண்டை, அப்படியிருந்தால்தான் அவனுக்கு அது சோறு.

யோசித்துப் பாருங்கள், அந்த உருண்டையில் என்னவெல்லாம் போயிருக்கும். கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய் எண்ணெய், அப்பளத் தூள். எத்தனை வருஷத்து உப்பு. அதை எடுத்துச் சொன்னேன். ஆதாரத்தோடு சொன்னேன். அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு, "அவன் வந்து நிக்கும்போது எப்படிட்டி இல்லன்னு சொல்லுதது" என்றாள். இதுதான் அவளுடைய வாதம், மொத்தமே இதுதான். அப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரணி பலவீனமாக இருந்தால் பேசுவதற்கே சலிப்பாக இருக்கும் அக்கா. தீர்ப்பையும் நானே சொன்னேன்: இனி யாரும் தட்டில் இருந்து கொடுக்கக் கூடாது. அவனுக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் வடித்துத் தனியாக வைக்க வேண்டும்.

வடித்தோம். வைத்தோம். கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன். மறுபடி என் முகத்தைப் பார்த்தான். சோறு காய்ந்து, எறும்பு வந்து, அம்மா எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். இப்படியே போயிற்று. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் நான் வகுப்பு முடிந்து சீக்கிரம் வந்தேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறார். சுவரைப் பார்த்து யாராவது சாப்பிடுவார்களா? எட்டிப் பார்த்தால் மடிக்கு அந்தப் பக்கம் இவன் தலை. நான் பேசியது தெருமுனை வரைக்கும் கேட்டதாக அம்மா பிறகு சொன்னாள். கேட்கட்டும். கொன்றுவிடுவீர்கள் என்று சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அப்பா சோற்றுக் கையோடு நின்றார், கை காய்கிற வரைக்கும் நின்றார். தாசில்தார் முன்னால் நின்றுநின்று பழகிவிட்டது, மகள் முன்னாலும் அப்படியே நிற்கிறார்.

அதற்குப் பழிவாங்கினாள் பாருங்கள் என் அம்மா. எப்படி என்று கேளுங்கள். சமையலில் உப்புப் போடுவதை நிறுத்திவிட்டாள். பொய்யில்லை. சாம்பாரில் இல்லை, ரசத்தில் இல்லை, புளிக்குழம்பில்கூட இல்லை. புளிக்குழம்பில் உப்பில்லை என்றால் அது என்ன பதார்த்தம்? கேட்டால் "மறந்துட்டேன்ட்டி" என்கிறாள். ஒருநாள் மறக்கலாம், இரண்டு நாள் மறக்கலாம். காந்தி உப்பை எடுத்துப் போராடினார், என் அம்மா உப்பை எடுக்காமல் போராடுகிறாள். அப்பா அவள் பக்கம். ஊறுகாய் இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவருக்கு. ஊறுகாய் ஜாடி எங்கே போனதென்று தெரியவில்லை, அதைக்கூடக் கேட்காமல் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுந்து போகிறார். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு எனக்கு எதிராக நடத்துகிறார்கள். நான் இப்போது வீட்டில் சாப்பிடுவதே இல்லை. கேண்டீனில் எதையாவது தின்றுவிட்டுப் போகிறேன். நான் போகும்போது இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள், தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

ஆனால் என் வேலையை நான் விடவில்லை. குளுக்கோஸ் மாதிரி ஒரு தண்ணீர், தோலுக்கு அடியில் ஏற்ற வேண்டும். இங்கே தினமும் தூக்கிக்கொண்டு வர முடியாது என்று டாக்டரிடம் நானே கேட்டுக் கற்றுக்கொண்டேன். பிடரியில் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். அப்பா அந்த நேரத்துக்குக் கடைக்குப் போய்விடுவார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொள்வாள். யார் செய்வது? நான்தான். அதற்குப் பலனும் இருந்தது அக்கா. போன தடவை எடை பார்த்துவிட்டு டாக்டரே ஆச்சரியப்பட்டார். "எடை குறையல, உள்ள ஏதோ போகுதே. என்ன பண்றீங்களோ அதையே பண்ணுங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னேன், பார்த்தீர்களா என் வைத்தியத்தை என்று. அம்மா "சரிட்டி, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒரு பாராட்டு கிடையாது.

இவனையும் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் என் சைக்கிள் தெருவில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுவான். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், பிஸ்கட் என்று ஓடி வருவான். இப்போது நான் ஊசிக் கவரைப் பிரித்தால் கட்டிலுக்கு அடியில், அப்பாவுடைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் போய்விடுகிறான். நான் தரையில் படுத்துக் கையை நீட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. நடுங்குகிறான். நான் வளர்த்த நாய். என் மடியில் தூங்கிய நாய். அப்பா ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். நாய்க்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஒருநாள் நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து நிலைப்படியில் நின்றார். "விட்டுரு பிள்ள. இன்னைக்கு ஒருநாள் விட்டுரு" என்றார். எனக்கு எப்படியிருக்கும்? எனக்கு இப்படி வந்திருந்தாலும் விட்டுவிடச் சொல்வீர்களா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு மேல் பேச முடியாது அக்கா, மேடையில் கேட்டிருந்தால் கைதட்டல் நிற்க நேரமாகும். அப்பா இவனைப் பார்த்தார்.

"உனக்குன்னா நீ வாயத் தொறந்து வலிக்குன்னு சொல்லுவியே பிள்ள" என்றார்.

இது ஒரு வாதமா? நான் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? சம்பந்தமே இல்லை. நான் அன்றைக்கும் ஏற்றினேன்.

மறுநாளில் இருந்து அப்பா கொல்லையில் குழி வெட்டுகிறார். துவைகல்லுக்கு அந்தப் பக்கம். எதற்கு என்றால் தென்னம்பிள்ளை வைக்க. கொல்லை இருப்பதே நாலு முழம், தென்னை வைத்தால் வேர் போய் மதிலைத் தள்ளும், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். நாய் இந்த நிலைமையில் கிடக்கும்போது தோட்டம் போடுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அதையும் கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார், நான் பேசி முடித்ததும் மறுபடி வெட்ட ஆரம்பித்தார். ஆழமாக வேறு வெட்டுகிறார், அத்தனை ஆழம் எதற்கு?

தென்னம்பிள்ளை வாங்கியாச்சாவா? இல்லை, இன்னும் வாங்கவில்லை. வாங்கணும் என்கிறார். குழியை முதலில் வெட்டி ஆறப்போட வேண்டுமாம். ஒன்று மட்டும் வேடிக்கை. நேற்று இவன் முற்றத்தில் வெயிலில் நீட்டிப் படுத்திருந்தான். அப்பா ஒரு வேப்பங்குச்சியைக் கொண்டுவந்து இவன் பக்கத்தில் கிடத்தினார், விளையாடக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். மூக்கில் இருந்து வால் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டுக் குச்சியை ஒடித்து எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போனார்.

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீர்கள்? வயதானால் மனிதர்களுக்குச் சில கிறுக்கு வந்துவிடும்.

அதை விடுங்கள். நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், நீங்கள் யாரோ நான் யாரோ, அதனால் கேட்கிறேன். போன தடவை எடையெல்லாம் பார்த்த பிறகு, ரத்தத்தையும் பார்த்துவிட்டு, டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அடுத்த தடவ வரும்போது வீட்ல எல்லாரும் கலந்து பேசி ஒரு முடிவோட வாங்கம்மா." என்ன முடிவு என்று கேட்டேன். அவர் இவன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. பிறகு அவரே சொன்னார், ஒரு ஊசிதானாம், தூங்குகிற மாதிரி இருக்குமாம். நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர்களுக்குப் பேசத் தெரியாது, அழத்தான் தெரியும். அவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா உட்கார்ந்து தென்னைக்குக் குழி வெட்டிக்கொண்டிருப்பாரா?

அதனால் இரண்டு அணிக்கும் நானே பேசிப் பார்த்தேன். வைத்தியத்தைத் தொடர வேண்டும் என்று ஒரு அணி. போதும், விட்டுவிட வேண்டும் என்று ஒரு அணி. குளிக்கும்போது பேசினேன், பஸ்ஸில் பேசினேன், வகுப்பில் பேராசிரியர் பாடம் நடத்தும்போது உள்ளுக்குள் பேசினேன். இரண்டு பக்கமும் நான் ஜெயிக்கிறேன் அக்கா. இந்தப் பக்கம் பேசினால் இதுதான் சரி. அந்தப் பக்கம் பேசினால் அதுதான் சரி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் இவன், இவனிடம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். இன்றைக்கு உள்ளே போனால் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பார். நான் என்ன சொல்லட்டும்? எனக்குப் பேச ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கையில் எனக்கு இப்படி ஆனதே இல்லை.

அப்பா வந்திருக்கிறார். வாசலில், ஆட்டோ நிற்கிற வேப்பமரத்தடியில் நிற்கிறார். இவனை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டேன் என்கிறார். கோழை.

நீங்கள் காலையில் சாப்பிட்டீர்களா? ஆட்டை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பீர்கள். இந்தாருங்கள், அம்மா கொடுத்துவிட்ட தயிர்ச்சோறு. நான் கொண்டுபோகமாட்டேன் என்றேன், பையில் திணித்துவிட்டாள். மூடியில் போட்டுத் தருகிறேன். தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், உப்பு இருக்காது. உங்களுக்கு ஒரு துண்டு ஊறுகாய்கூடக் கொடுக்க முடியாத வீடாகப் போய்விட்டது.

பரவாயில்லையா? பசிக்குப் பரவாயில்லைதான்.

என்ன, இவனுக்கா? நீங்கள் உருட்டின சத்தத்துக்குத் தலையைத் தூக்குகிறான், பழக்க தோஷம். கொடுத்துப் பாருங்கள், தொடமாட்டான். தட்டில் இருந்து கொடுப்பதை நிறுத்தியதில் இருந்து அவன் வாயைத் திறந்து எதுவும் தின்று நான்…

தின்றுவிட்டான்.

இருங்கள். ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டான். உங்கள் விரலை நக்குகிறான் பாருங்கள். இதே சோற்றைத்தானே நான் கிண்ணத்தில் வைத்தேன், இதே உப்பில்லாத சோறு. இதே…

ஆமாம், எல்லோருக்கும்தான் உப்பில்லை. அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான் வடிக்கிறாள். எனக்கு எதிராக என்று நான்… இல்லை அக்கா, மறந்துவிட்டேன் என்று அவளே சொன்னாள். தன் வாயால் சொன்னாள். நீங்கள் என் அம்மாவைப் பார்த்ததே இல்லை, அவள் மறக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எடை… அது என் ஊசியால்தான் எடை…

கொஞ்சம் பொறுங்கள். நான் யோசிக்கிறேன்.

டிபனை இப்படிக் கொடுங்கள். இல்லை, பசியில்லை, இருந்தாலும் சாப்பிடுகிறேன். நான் தின்ற தட்டாக இருக்க வேண்டும், அதுதானே சட்டம். முதலில் இருந்தே தின்ன வேண்டும். எப்படித்தான் இதை இத்தனை நாளாகத் தின்றார்களோ. அப்பா எப்படித் தின்றாரோ. ஊறுகாய் இல்லாமல் அவருக்கு ஒரு வாய்… தண்ணீர் வேண்டாம் அக்கா, விக்கல் இல்லை, ஒன்றுமில்லை.

"தாசில்தார்… தாசில்தார் யாரும்மா?" கூப்பிடுகிறார்கள். இவன் முறை வந்துவிட்டது. இதோ வருகிறோம் அண்ணே. ஒரே நிமிஷம், கடைசி உருண்டை இருக்கிறது. அடுத்தவர்கள் வேண்டுமானால் போகட்டும், நான் சண்டை போடமாட்டேன்.

இந்தாடா. தாசில், இந்தா. கவர் இல்லை, ஊசி இல்லை, பார், வெறும் கைதான். நான் பிடித்து இழுக்கமாட்டேன். நீயாக வா.

முகர்கிறான். என் கையில் மருந்து வாசனை போயிருக்காது, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போவதில்லை. அவசரப்படுத்த வேண்டாம், முகரட்டும். நான் அசையமாட்டேன்.

அக்கா, எனக்காக ஒரு வேலை செய்கிறீர்களா? ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னால் இப்போது கையை எடுக்க முடியாது. வாசலில் வேப்பமரத்தடியில் நரைத்த மீசை, நீலக் கட்டம் போட்ட சட்டை, கால் நகத்திலெல்லாம் செம்மண் இருக்கும். அவரை உள்ளே கூப்பிடுங்கள். பிள்ளை கூப்பிடுகிறாள் என்றால் வரமாட்டார், நான் நிறையப் பேசிவிட்டேன்.

தாசில்தார் கூப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். ஓடி வந்துவிடுவார்.